சென்டர்போர்டுக்குத் தமிழில் என்ன? நடுப்பலகை மட்டும் வேண்டாம்

போன வருடம் என் பாய்ப்படகின் சென்டர்போர்டு, அதாவது படகின் அடியிலிருந்து தண்ணீருக்குள் இறக்குகிற பலகை, இறங்காமல் சிக்கிக்கொண்டது. பழைய என்டர்பிரைஸ் வகைப் படகு, நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம், கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. படகு வேலை செய்யும் ஆசாரி ஒருவரைப் பிடித்து, தமிழில் சொல்கிற பெருமையில், "அண்ணே, நடுப்பலகை சரியில்ல, கொஞ்சம் பார்த்துக் குடுங்க" என்று போனில் சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். மூன்று நாள் கழித்து வந்து பார்த்தால், நாங்கள் உட்காரும் குறுக்குப் பலகையைக் கழற்றி, இழைத்து, புது ஸ்க்ரூ முடுக்கி, இரண்டு கை வார்னிஷும் அடித்து வைத்திருக்கிறார். அருமையான வேலை. சென்டர்போர்டு மட்டும் சிக்கினது சிக்கினபடியே கிடக்கிறது.

"படகுக்கு நடுவுல இருக்கிற பலகை இதுதானே சார்?" என்றார். தப்பு அவர் மேல் இல்லை. கீழே குனிந்து அடியில் இருந்த நீளப் பிளவைக் காட்டியதும், "அட, தண்ணிக்குள்ள எறக்குற பலகையா? அத அப்படியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

நானும் அன்றிலிருந்துதான் இந்தச் சொல்லைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். பாய்க்குப் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் படகு முன்னால் போவதைவிடப் பக்கவாட்டில் நகரத்தான் பார்க்கும். அந்த ஒதுக்கத்தைத் தடுக்கத் தண்ணீருக்குள் செங்குத்தாக ஒரு பலகை வேண்டும். ஈரப் பலாக்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பாருங்கள், விரல் அழுத்துகிற பக்கம் அது போகாது, வழுக்கிக்கொண்டு முன்னால் பாயும். பாய் ஒரு விரல், பலகை இன்னொரு விரல். எதிர்க்காற்றில் ஏறிப் போகும்போது பலகை முழுசாக இறங்கியிருக்க வேண்டும், பக்கக் காற்றில் பாதி போதும், காற்று முதுகில் அடிக்கும்போது ஏறக்குறைய முழுவதையும் தூக்கிவிடலாம், இல்லாவிட்டால் சும்மா தண்ணீரை இழுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். கரை தட்டும் இடத்திலும் தூக்கிவிடலாம். பெரிய படகுகளில் இந்த வேலையை அடியோடு சேர்ந்த நிலையான கீல் (படகின் அடியில் நீளவாக்கில் துருத்தி நிற்கும் பாகம்) செய்கிறது, ஆனால் மணலில் இழுத்து ஏற்றுகிற சின்னப் படகுக்கு அது ஒத்துவராது.

இதில் மூன்று வகை உண்டு, மூன்றையும் போட்டுக் குழப்புவது நம் வழக்கம். ஒரு முனையில் ஆணி குத்தி, மடக்குக் கத்தி மாதிரி சுழன்று இறங்குவது சென்டர்போர்டு. உறையில் கத்தியைச் செருகுவது போல மேலிருந்து நேராக இறங்குவது டாகர்போர்டு (டாகர் என்றால் குத்துவாள், பெயர் வந்த வழி புரிகிறது). படகின் வெளிப்பக்கத்தில் இரண்டு புறமும் தொங்குவது லீபோர்டு, டச்சுக்காரர்களின் தட்டையடிப் படகுகளைப் படத்தில் பார்த்தால் காதுமடல் போலத் தெரியும். சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டிய லேசர் ரேடியல் வகைப் படகில் இருப்பது டாகர்போர்டு. என் என்டர்பிரைஸில் இருப்பது சென்டர்போர்டு. இரண்டும் நடுவில்தான் இருக்கின்றன, அப்புறம் எப்படி 'நடு' என்ற அடைமொழி ஒன்றுக்கு மட்டும் சொந்தமாகும்?

ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சென்டர் என்பதன் வேர் கிரேக்கக் கென்ட்ரான், மாட்டை ஓட்டுகிற தாற்றுக்கோலின் முனை போன்ற கூர்முனை என்று பொருள், வட்டம் போடும் காம்பஸின் ஊசி ஊன்றும் புள்ளிக்கு அது பெயராகி, லத்தீன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் 'மையம்' ஆகிவிட்டது. போர்டு என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்குப் பலகை என்றும் பொருள், கப்பலின் பக்கம் என்றும் பொருள். கப்பலின் வலப்பக்கத்துக்கு ஸ்டார்போர்டு என்று பேர் வைத்தது நட்சத்திரத்தைப் பார்த்து இல்லை, பழைய காலத்தில் திசை திருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்தது, ஸ்டியர் செய்கிற பக்கம், அவ்வளவுதான்.

பொருளின் கதை சொல்லை விடப் பழையது. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், இன்றைய ஈக்வடார், பெரு பக்கத்தில், பால்சா மரத் தெப்பங்களில் பாய் கட்டி ஓடியவர்கள் கட்டைகளுக்கு இடையில் குவாரா என்ற பலகைகளைச் செருகி, ஏற்றியும் இறக்கியும் படகைத் திருப்பினார்கள். ஐரோப்பியர்கள் அங்கே போவதற்கு முன்பிருந்தே இருந்த வழக்கம் இது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ஷாங்க் 1774-இல் பாஸ்டனில் ஏறி இறங்கும் கீல் வைத்து ஒரு படகு கட்டினார். பிறகு அதே ஏற்பாட்டில், மூன்று கீலோடு, 1798-இல் கட்டிய லேடி நெல்சன் என்ற சின்னக் கப்பல் ஆஸ்திரேலியா வரை போய் அங்கே ஆழமில்லாத கரையோரங்களை ஆராய்ந்தது. இவை எல்லாம் நேராக இறங்கியவை, அதாவது இன்றைய டாகர்போர்டு. ஆணியில் சுழல்கிற வகைக்கு 1811-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஸ்வெயின் குடும்பத்தார் மூவர் காப்புரிமை வாங்கினார்கள். அவர்கள் அதை ஒரு வகை லீபோர்டாகவே சொன்னார்கள், வெளியே தொங்கியது உள்ளே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் பழைய சரக்குப் பாய்க்கப்பல்களில் கீல் மரத்தை நடுவில் அறுத்துப் பலவீனமாக்க வேண்டாம் என்று பலகையைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்ததும் உண்டு. பல படகுகளில் அது பலகையே இல்லை, இரும்புத் தகடு. ஆக ஆங்கிலத்திலேயே 'சென்டர்' சில நேரம் பொய், 'போர்டு' சில நேரம் பொய். பழகிவிட்டதால் அவர்கள் கவலைப்படவில்லை. நாம் புதிதாகப் பெயர் வைக்கும்போது அந்தப் பொய்யையும் சேர்த்து ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? மையப்பலகை, நடுப்பலகை இரண்டின் மேலும் எனக்கு இருக்கிற குறை இதுதான். அகராதியில் அழகாக இருக்கும், படகுப் பட்டறையில் குறுக்குப் பலகைக்கு வார்னிஷ் அடித்துவிடுவார்கள்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? கீலுக்கு ஏரா என்ற சொல் இருக்கிறது, பழைய அகராதிகளும் கப்பலின் அடிமரம் என்று பொருள் சொல்கின்றன. அதனால் சென்டர்போர்டை 'ஏறி இறங்கும் ஏரா' என்று சொல்லலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம் என்பேன். ஏரா என்பது படகின் முதுகெலும்பு, அதன் மேல்தான் மற்ற மரமெல்லாம் ஏறும். சென்டர்போர்டைக் கழற்றி வீட்டில் வைத்தாலும் படகு படகுதான்.

பொருளோ நமக்குப் புதிதல்ல. கட்டுமரத்தில் பாய் கட்டி ஓடியவர்களும் ஒதுக்கத்தைத் தடுக்கப் பலகை இறக்கியிருக்கிறார்கள். பாக் நீரிணைக் கரையின் வத்தை என்ற பாய்ப்படகுக்கு அடி தட்டை, கடலும் ஆழமில்லை, அதனால் அதற்குப் பக்கத்தில் தொங்கும் பலகை. ஆக லீபோர்டுக்குப் பக்கப்பலகை என்றால் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

மிச்சத்துக்கு என் ஆசாரி சொன்னதையே எடுத்துக்கொள்கிறேன். இறக்குபலகை. இது மொத்தக் குடும்பத்துக்கும் பெயர். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் சென்டர்போர்டு மடக்குபலகை, டாகர்போர்டு செருகுபலகை. பலகை எப்படி வேலை செய்கிறதோ அதையே பெயர் சொல்கிறது, எங்கே இருக்கிறது என்பதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒற்று மிகாதா என்று கேட்பவர்களுக்கு: ஊறுகாய், சுடுசோறு மாதிரி இது வினைத்தொகை, மிகாது. பலகை நுழைந்திருக்கும் நீளமான கூட்டைப் பலகைப்பெட்டி என்கிறேன். சுழலும் ஆணி அச்சாணி, மாட்டு வண்டி பார்த்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை.

இந்தச் சொற்கள் தாங்குகின்றனவா என்று பார்க்க ரிப்பேரில் உட்கார்ந்து பேசிப் பார்ப்பதுதான் வழி. அதனால் அன்று நடந்ததைச் சொல்கிறேன்.

படகை இரண்டு பழைய டயர் மேல் ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். அச்சாணியை உருவியும் மடக்குபலகை வரவில்லை. பெட்டிக்குள் மணல், ஒரு சின்னக் கூழாங்கல், ஓரமெல்லாம் கொட்டலசு. ஆக்ஸா பிளேடை உள்ளே விட்டுச் சுரண்டிச் சுரண்டி எடுத்ததும் பாதி வழி வந்து திரும்பவும் நின்றது. அங்கேதான் உண்மையான நோய்: பலகையின் முன்விளிம்பில் கல் பட்டு பெயின்ட் உதிர்ந்து, அந்த ஓட்டை வழியாக பிளைவுட் தண்ணீர் குடித்து உப்பிவிட்டது. பெட்டிக்குள் சொருகிய ஆப்பு மாதிரி. மரச்சுத்தியால் தட்டித் தட்டி இறக்கினார்.

உப்பிய மரத்தை உடனே அடைக்கக் கூடாது, உள்ளே இருக்கிற ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வெயிலில் போட்டால் வளைந்துவிடும். நிழலில் சாய்த்து வைத்து, ரெண்டு நாளைக்கு ஒரு தரம் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்து எடை பார்க்கச் சொன்னார். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது வாரம் நின்றது. பேப்பர் கடைக்காரர் கடைசி வரைக்கும் நான் அதை அவரிடம் விற்கத்தான் போகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அடுத்தது அச்சாணித் துளை. வட்டமாக இருக்க வேண்டியது தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது, அதனால்தான் ஓட்டும்போது லொடலொடவென்று சத்தம். பெரிய ஆணி போட்டால் போதும் என்று நான் நினைத்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. துளையை இன்னும் பெரிதாக்கி, சிலிக்காத் தூள் கலந்த எப்பாக்ஸியால் முழுசாக அடைத்து, அது இறுகினதும் நடுவில் சரியான அளவுக்குத் திரும்பத் துளைத்தார். இப்போது ஆணி மரத்தைத் தொடுவதே இல்லை, அதன் வழியாகத் தண்ணீரும் மரத்துக்குள் போகாது. முன்விளிம்புக்கு ஃபைபர் துணி ஒட்டினோம். இறுகின எப்பாக்ஸி மேல் சில நேரம் மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படியும், அதை முதலில் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும், இல்லாவிட்டால் தாள் அடைத்துக்கொள்ளும், மேலே அடிக்கிற பெயின்டும் பிடிக்காது.

விளிம்பைத் தேய்ப்பதில் ஒரு விஷயம். முன்விளிம்பு உருண்டையாக இருக்கட்டும், பின்விளிம்பு மெலிந்து முடியட்டும். வேகம் பிடித்ததும் பலகை ரீங்காரம் போடுகிறதா, பெரும்பாலும் பின்விளிம்புதான் காரணம், அதை ஒரு பக்கமாகச் சரித்துத் தேய்த்தால் பாட்டு நின்றுவிடும்.

பெட்டியின் பக்கம் அச்சாணி போகிற இடத்தில் கசிவு இருந்தால் ரப்பர் வாஷரை மாற்றுங்கள், நட்டை மட்டும் முறுக்கிக்கொண்டே போனால் பெட்டிதான் நசுங்கும். பலகையை இழுத்துப் பிடிக்கும் கயிறும் லேசுப்பட்டதில்லை. படகு கவிழ்ந்தால் நாம் ஏறி நின்று நிமிர்த்துவது இந்தப் பலகை மேல்தான், முழுக்கத் தலைகீழாகும்போது பிடிப்பில்லாத பலகை பெட்டிக்குள் சறுக்கிப் போய்விட்டால் பிடிக்க ஒன்றும் இருக்காது. நிற்கும்போது படகை ஒட்டி நிற்க வேண்டும், நுனியில் போய் நின்றால் பலகை அடியிலிருந்து வெளியே வருகிற இடத்தில் முறியும்.

கடைசியாகப் பெட்டியின் அடிவாய். அதன் இரண்டு ஓரத்திலும் ரப்பர் பட்டை ஒட்டியிருப்பார்கள், பலகை தூக்கியிருக்கும்போது பிளவை மூடித் தண்ணீர் உள்ளே கலங்காமல் பார்த்துக்கொள்ளும். இதற்கு ஆங்கிலத்தில் கேஸ்கெட் என்கிறார்கள். நான் வாய்ப்பட்டை, அடைபட்டை என்று இரண்டு மூன்று பெயர் யோசித்து வைத்திருந்தேன். ஆசாரி பழைய லாரி டியூபை நீளமாக வெட்டி, பசை தடவிக்கொண்டே, "பொட்டிக்கு உதடு கிழிஞ்சிருந்துது சார், அதான் அவ்ளோ மணல் போயிருக்கு" என்றார். உதடு என்றே எழுதிக்கொண்டேன். டியூப் உதடு மலிவு, ஆனால் அதிக நாள் வராது, எனக்கு இப்போதே இடப்பக்கம் நுனியில் எழும்ப ஆரம்பித்துவிட்டது.