சலூன் முதலாளியின் மூன்று பொறுப்புகள்: காப்புறுதி எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது

"புல் இன்சூரன்ஸ் போட்டிருக்கன்" என்று சொல்கிற சலூன் முதலாளியிடம் பத்திரத்தைக் காட்டச் சொன்னால், பெரும்பாலும் கைக்கு வருவது வங்கிக் கடன் எடுத்தபோது போட்ட தீக்காப்புறுதிதான். கடை எரிந்தால் முதலில் வங்கியின் காசு தப்பும். கடையில் வேலை செய்கிற தம்பிக்கு ட்ரையரில் கரண்ட் அடித்தாலோ, டை பூசிக்கொண்ட வாடிக்கையாளருக்கு முகம் வீங்கினாலோ அந்தப் பத்திரத்தால் ஒரு சதமும் வராது. கடைச் சாமான், வேலையாள், வாடிக்கையாளர் என்று மூன்று பொறுப்புகள் இருக்கின்றன. மூன்றுக்கும் தனித்தனிக் காப்புறுதி வேண்டும்.

சட்டம் ஆகக் கண்டிப்பாக இருப்பது வேலையாள் விடயத்தில். இலங்கையின் 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின்போது வேலை காரணமாக ஒருவர் காயப்பட்டாலோ இறந்தாலோ முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். அது முதலாளியின் கவனக்குறைவால் நடந்ததா என்று பார்ப்பதில்லை. 2022இல் வந்த திருத்தம் உச்சத் தொகையை 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயிலிருந்து 20 இலட்சமாக உயர்த்தியது. வேலைக்கு வரும்போதும் வீடு திரும்பும்போதும் நடக்கிற விபத்தும் இப்போது இதற்குள் வருகிறது. ஏறாவூரிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து போகிற பொடியனை வேலைக்கு வைத்திருப்பவர் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. காப்புறுதி எடுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் பொறுப்பு முதலாளியுடையதுதான். தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதி என்று கேட்டு எடுத்தால் அந்தச் சுமை காப்புறுதிக் கம்பனிக்குப் போகும். ஆள் குறைந்த கடைக்கு இதன் பிரிமியம் பெரிதாக வராது. மூன்றில் ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பல சலூன்களில் மாதச் சம்பளம் கிடையாது. அன்றைக்கு வெட்டிய காசில் ஒரு பங்கு கதிரையில் நின்றவருக்கு, மீதி கடைக்கு. அதனால் "அவர் என்ட தொழிலாளி இல்ல, பங்குக்காரர்" என்று முதலாளி நினைத்துக்கொள்கிறார். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, வாய்ப்பேச்சா, கூலி நாள் கணக்கிலா, செய்த வேலையின் கணக்கிலா என்பதை வைத்துச் சட்டம் ஒருவரைத் தொழிலாளி இல்லையென்று ஒதுக்கிவிடாது. கடை திறக்கிற நேரத்தையும் விலையையும் நீங்களே தீர்மானித்து, நட்டம் வந்தால் நீங்களே தாங்குகிறீர்கள் என்றால், மற்றவரைப் பங்காளி என்று வாதாடுவது கடினம். நட்டஈட்டுத் தொகை மாத வருமானத்தையும் காயத்தின் தன்மையையும் வைத்து அட்டவணைப்படி கணிக்கப்படுவதால், யாருக்கு எந்த நாள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிக் கையொப்பமும் வாங்கி வையுங்கள்.

அதே கொப்பி ஊழியர் சேமலாப நிதிக்கும் உதவும். ஒரேயொரு ஆள் வேலை செய்தாலும் முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம் என்று அந்த நிதிக்குச் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம் செலுத்த வேண்டும். தரகுக்கும் துண்டு வேலைக்கும் கொடுக்கிற காசும் இந்தக் கணக்கில் சேரும். இவை காப்புறுதிக்குப் பதிலாகாது. ஆனாலும் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு போனால் முதலில் கேட்கப்படுவது இவைதான்.

அடுத்தது வாடிக்கையாளர். இலங்கையில் கவனக்குறைவால் ஒருவருக்கு ஏற்படுகிற தீங்குக்கு உரோமன் டச்சுச் சட்டப்படி நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். வழக்கை 2 வருடத்துக்குள் போட வேண்டும். சிறிய தொகை என்றால் முதலில் இரு பக்கத்தையும் சமாதானப்படுத்திப் பார்க்கிற மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டிவரும். பொதுப் பொறுப்புக் காப்புறுதி எடுத்திருந்தால் நட்டஈட்டையும் வழக்குச் செலவையும் பத்திரத்திலுள்ள எல்லை வரைக்கும் கம்பனி பார்த்துக்கொள்ளும்.

ஆனால் பத்திரத்தின் விதிவிலக்குப் பக்கத்தை வாசிக்காமல் கையொப்பம் வைக்காதீர்கள். ஈரத் தரையில் வழுக்கி விழுந்தது, சுவர்க் கண்ணாடி கழன்று தலையில் விழுந்தது போன்றவை சாதாரணப் பொதுப் பொறுப்புக்குள் வரும். நீங்கள் செய்த சேவையாலேயே வந்த தீங்கு, அதாவது பிளேட் வெட்டு, ஸ்ட்ரெய்ட்னிங் மருந்தால் வந்த தோல் எரிவு, டை ஒவ்வாமை ஆகியவை பல பத்திரங்களில் தொழில்சார் பொறுப்பு என்று வெளியே தள்ளப்பட்டிருக்கும். சலூனுக்கு வருகிற உண்மையான ஆபத்தே அதுதான். "சிகிச்சை, சேவை சார்ந்த பொறுப்பும் சேர்க்கப்பட்டுள்ளது" என்று எழுத்தில் கேளுங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வது க்ளெய்ம் நேரத்தில் செல்லாது.

டை விடயத்தைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். கல்யாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் மாமாமார் வரிசையாக வந்து கறுப்பு டை கேட்பார்கள். பல கறுப்பு டைகளில் பீ.பீ.டீ. என்ற இரசாயனம் இருக்கிறது. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. தலைத்தோல் அரித்து, அடுத்த நாள் கண் இமை வீங்கி மூடிவிடும். பெட்டிக்குள் இருக்கிற தாளில், 48 மணித்தியாலத்துக்கு முதல் காதுக்குப் பின்னால் ஒரு துளி பூசிப் பார்க்கச் சொல்லியிருக்கும். எந்தச் சலூனில் அதைச் செய்கிறார்கள்? கல்யாண அவசரத்தில் யாரும் நிற்கமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் கம்பனி அனுப்புகிற ஆள் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். குறைந்தபட்சம் "முந்தி டை பூசி அரிச்சிருக்கா?" என்று கேட்டு, பதிலைப் பெயரோடு கொப்பியில் குறித்து வைத்தால் உங்கள் பக்கத்துக்கு ஒரு சான்று இருக்கும். பிளேட்டும் அப்படித்தான். ஆளுக்கொரு புது பிளேட்டை அவர் கண் முன்னாலேயே உடைத்து ரேசரில் போடுங்கள். மாநகர சபையும் பிரதேச சபையும் சலூனுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பதே சுகாதார நிபந்தனைகளோடுதான். அனுமதிப்பத்திரம் காலாவதியான கடையின் க்ளெய்மைக் கம்பனி எப்படிப் பார்க்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒன்று நடந்துவிட்டால் ஆளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நம் ஊர் வழக்கப்படி வீட்டுக்குப் போய்ச் சுகம் விசாரிப்பதிலும் பிழையில்லை. ஆனால் "என்ட பிழைதான், முழுச் செலவும் தாறன்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். கம்பனியைக் கேட்காமல் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் பணம் தர மறுக்கலாம் என்ற நிபந்தனை இந்தப் பத்திரங்களில் வழமையாக இருக்கும்.

இனிப் பொருள். 1978 நவம்பர் சூறாவளி, 2004 சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம், 2024 நவம்பர் வெள்ளம் என்று மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் வந்தவற்றைப் பார்த்தால், இங்கே கடைக்குத் தீயை விடத் தண்ணீர்தான் பெரிய பயம். வெறும் தீக்காப்புறுதியில் வெள்ளமும் சூறாவளியும் தாமாகவே அடங்காது. இயற்கை அனர்த்தம் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவையும் தனிச் சேர்க்கைதான். அதற்கான அரச நிதியம் 1987இல் தொடங்கியது. இப்போது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் இருக்கிறது. பணத்தை உங்கள் கம்பனியிடமே கட்டலாம். பிரிமியத்தோடு 18 வீத வற் வரியும் வரும். விலை கேட்கும்போது வரியோடு சேர்த்துக் கேளுங்கள். வட்டி சார்ந்த மார்க்கத் தயக்கம் உள்ளவர்களுக்குத் தகாபுல் என்ற இஸ்லாமியக் காப்புறுதி முறையிலும் இதே பாதுகாப்பு கிடைக்கிறது. காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் அதை விசாரிப்பவர்கள் நிறையப் பேர்.

பலரும் அடிபடுவது பெறுமதியைக் குறைத்துச் சொல்வதில். கதிரை, கண்ணாடி, ஏசி, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து 10 இலட்சம் பெறுமதி என்று வைத்துக்கொள்வோம். பிரிமியம் குறையட்டும் என்று 5 இலட்சத்துக்குப் பத்திரம் எடுக்கிறீர்கள். வெள்ளத்தில் 2 இலட்சத்துக்குச் சாமான் பழுதாகிறது. 5 இலட்சம் இருக்கிறதுதானே, 2 இலட்சமும் வரும் என்று நினைப்பீர்கள். வராது. பாதிப் பெறுமதிக்குத்தான் காப்புறுதி என்பதால் நட்டத்திலும் பாதி, 1 இலட்சம்தான் கணக்கு. அதிலும் எக்ஸஸ் என்று நீங்களே தாங்க வேண்டிய தொகை கழியும். வாடகைக் கடை என்றால் கட்டடத்துக்கு உரிமையாளர் எடுத்த பத்திரத்தில் உங்கள் சாமான் சேராது. நீங்கள் செய்த சீலிங், டைல்ஸ் வேலையையும் உங்கள் பத்திரத்தில் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

2016 ஏப்ரலில் அரசு தொடங்கிய தேசிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம், வருட விற்பனை 1 கோடி ரூபாய்க்கு மேற்படாத சிறு வியாபாரங்களுக்கு 25 இலட்சம் வரை என்று அறிவிக்கப்பட்டது. அதை நம்பிச் சொந்தப் பத்திரம் எடுக்காமல் இருப்பது புத்தியில்லை. அரச உதவி அந்தந்த நேரச் சுற்றறிக்கையைப் பொறுத்தது. எந்த உதவியானாலும் பிரதேச செயலகம் கேட்பது வியாபாரப் பதிவுச் சான்றிதழையும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும்தான். பதியாத கடைக்காரர் வரிசையில் நின்றும் வெறுங்கையோடு வருவார்.

தண்ணீர் வடிந்ததும் கழுவத் தொடங்க முன், சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி படம் எடுங்கள். பழுதான மெஷினைக் கம்பனி ஆள் பார்க்கும்வரை எறிய வேண்டாம். தீ, திருட்டு என்றால் அன்றைக்கே பொலிஸ் முறைப்பாடு. கடை உடைக்கப்பட்ட அடையாளம் இல்லாத திருட்டுக்குப் பல பத்திரங்களில் பணம் கிடையாது. க்ளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு, முதலில் கம்பனிக்கே முறையிடுங்கள். அதற்கும் சரிவராவிட்டால், காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்க 2005 முதல் இயங்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமில்லாமல் போகலாம். இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். அனுமதி பெற்ற கம்பனிகளின் பட்டியலையும் அந்த ஆணைக்குழுவே வெளியிடுகிறது. பணம் கட்ட முன் அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.