புல்லாங்குழல் பொத்தானுக்குள் என்ன இருக்கிறது?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். தேவாலயப் பாடற்குழுவில் கீபோர்டு வாசிப்பவர். "புல்லாங்குழல் டோன் நடுக்கட்டைகளில் அசலாகக் கேட்கிறது. இடது ஓரத்துக்குப் போனால் கப்பல் ஊதுவது மாதிரி இருக்கிறது. பெட்டியில் ஏதும் பழுதா சார்?"

பழுதில்லை. அந்தப் பெட்டி செய்யும் சிக்கனம்தான் காரணம்.

வயலினும் புல்லாங்குழலும் 440 ஹெர்ட்ஸில் ஒரே சுரத்தை எழுப்பினாலும், கூடவே வரும் 880, 1320 போன்ற மடங்கு அதிர்வுகளின் வலு இரண்டிலும் வேறுபடும். அதனால் நாதமும் வேறுபடும். இது பள்ளிப் பாடம். பாடப்புத்தகம் பேசாமல் விடுவது ஒலியின் தொடக்கத்தை. மூச்சு துளையின் விளிம்பில் மோதும் சீறல், வில் கம்பியைக் கவ்வும் உரசல், பியானோவின் சுத்தியல் விழும் தட்டல் எல்லாம் கண நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் இது இன்ன கருவி என்று காது கண்டுபிடிப்பதில் அந்தக் கணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1964-ல் வெளியான ஒரு சோதனையில், ஒலிப்பதிவின் தொடக்கத்தை வெட்டிவிட்டுப் போட்டுக் காட்டியபோது இசை பயின்றவர்களே தடுமாறினார்கள்.

கீபோர்டு செய்பவர்கள் இந்தப் பலவீனத்தை அழகாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். நிஜப் புல்லாங்குழலைப் பதிவு செய்து, தொடக்கத்தை முழுசாக வைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் வரும் சீரான பகுதியில் ஒரு துண்டு மட்டும் போதும். நீங்கள் கட்டையை அமுக்கியிருக்கும்வரை அந்தத் துண்டே திரும்பத் திரும்ப ஓடும். இதைத்தான் லூப் என்கிறார்கள். துண்டின் முடிவும் ஆரம்பமும் அலையின் ஒரே நிலையில் சந்திக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று கேட்கும். மூச்சு வாங்காமல் ஊதும் வித்வான் உங்கள் பெட்டிக்குள் இருப்பதன் ரகசியம் இதுதான்.

சரி, கப்பலுக்கு வருவோம். எல்லாக் கட்டைக்கும் தனித்தனியாகப் பதிவு செய்தால் நினைவகம் தாங்காது. ஆகவே ஒரு பதிவையே வேகமாக ஓட்டி மேல் சுரமாகவும், மெதுவாக ஓட்டிக் கீழ்ச் சுரமாகவும் ஆக்குகிறார்கள். வேகத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி இறங்கும். கூடவே அந்தத் தொடக்கச் சீறலும் இரண்டு மடங்கு நீளும். நிஜக் குழலில் இல்லவே இல்லாத சுரத்துக்கு இப்படி இழுத்தால் காது நம்புமா? பாடற்குழுக் குரல் டோனில் இது இன்னும் அப்பட்டம்: மேலே போனால் குழந்தை, கீழே போனால் பூதம். மனிதர் சுருதி ஏற்றும்போது தொண்டையும் வாயும் சுருங்கிவிடுவதில்லை. பதிவை வேகமாக்கினால் அவையும் சுருங்கியது போலக் கேட்கும். நல்ல கீபோர்டில் சில கட்டைகளுக்கு ஒன்று என்று பல பதிவுகள் இருக்கும், மென்மையாகவும் அழுத்தியும் வாசித்த பதிவுகள் வேறுவேறாக இருக்கும்.

அதனால் 'அறுநூறு டோன் இருக்கு' என்று கடைக்காரர் சொன்னால் மயங்காதீர்கள். ஒரு டோனை எடுத்து இரண்டு ஓரங்களிலும் வாசியுங்கள். கட்டையை நீளப் பிடித்து லூப் தெரிகிறதா என்று கேளுங்கள். டோனுக்குப் போட்டிருக்கும் எண்ணையும் நம்ப வேண்டாம். 128 டோன்களுக்கு எண்ணும் பெயரும் வகுத்து 1991-ல் வந்த ஜெனரல் மிடி என்ற பொது ஒழுங்குப்படி 74 புல்லாங்குழல், 105 சிதார், 112 ஷெனாய். எண்ணும் பெயரும்தான் பொது. அந்த இடத்தில் எந்தப் பதிவை வைப்பது என்பது தயாரிப்பாளர் இஷ்டம்.

அந்த 128 பெயர்களில் நாதஸ்வரம் இல்லை. நம் கருவிகளின் ஒலியை ஆராய்வது புதிதும் இல்லை: மிருதங்கத்தின் கருப்புப் பூச்சு மேலதிர்வுகளை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்று சி.வி.ராமன் 1920-லேயே எழுதிவிட்டார். நம் கருவிகளை நல்ல ஒலிக்கூடத்தில் கட்டைக்குக் கட்டை பதிவு செய்து இலவசமாகக் கொடுக்க அரசு கொஞ்சம் ஆராய்ச்சிப் பணம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

நம் கடற்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. ஒரே ஒரு கட்டை மட்டும் எல்லா டோனிலும் கத்தினால் பதிவின் மேல் பழி போடாதீர்கள். கட்டைக்கு அடியில் இரண்டு தொடுமுனைகள் உண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஆகும் நேரத்தை வைத்துத்தான் எவ்வளவு பலமாக அடித்தீர்கள் என்று பெட்டி கணக்கிடுகிறது. உப்புக் காற்றின் ஈரமும் தூசியும் அதில் படிந்தால் கணக்குக் கெடும். இதற்குத் திருஷ்டி எலுமிச்சம்பழம் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். வாசித்து முடித்ததும் உறை போட்டு மூடுங்கள். ஏற்கெனவே படிந்துவிட்டால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துத் தொடுமுனைகளைத் துடைக்கச் சொல்லுங்கள்.