தாத்தாவின் டட்சுனுக்கு ஆல்-வீல் தேவையா?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் பட்டறைக்குப் பழைய காடியோடு (காரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வருகிறவர்கள் இப்போதெல்லாம் பெயின்ட் நிறத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, எஞ்சின் சக்தி நான்கு சக்கரத்துக்கும் போகிற ஆல்-வீலாக அதை மாற்ற முடியுமா என்று கேட்டுவிடுகிறார்கள். கடைசியாகக் கேட்டவர் இருபத்தாறு வயதுத் தம்பி. தாத்தா 1977இல் வாங்கிய டட்சுன் 120ஒய் காடியை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"அங்கிள், இதுக்கு ஆல்-வீல் போட்டுக் கொடுங்க. கிள்ளான்ல ஒரு சுபாரு ஹாஃப்-கட் பார்த்து வச்சிருக்கேன். பின் டிஃப்பும் தனியா தர்றாங்களாம்." ஹாஃப்-கட் என்றால் எஞ்சினோடு வெட்டி விற்கும் பழைய காடியின் முன்பாதி. டிஃப் என்பது எஞ்சின் சக்தியை இரண்டு பக்கத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி.

"எதுக்குத் தம்பி ஆல்-வீல்?"

"மழையில வால் இழுக்குது அங்கிள். ஜாலான் கூச்சிங் வளைவுல ரெண்டு தடவை பின்பக்கம் திரும்பிடுச்சு. அம்மா இனிமே இதுல ஏறவே மாட்டேன்னுட்டாங்க."

நான் பின் டயருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். டயரின் பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள் 1911. அதாவது 2011ஆம் ஆண்டின் 19ஆவது வாரத்தில் செய்த டயர். காடி அதிகம் ஓடாததால் பள்ளமெல்லாம் புதுசு போலத்தான் இருந்தது. ஆனால் கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் ரப்பரில் தடமே விழவில்லை. செருப்புக்கடைப் பலகை மாதிரி இறுகிப் போயிருந்தது. டிரம்மைக் கழற்றினால் இடதுபக்க பிரேக் சிலிண்டர் கசிந்து, லைனிங் முழுக்க பிரேக் ஆயில். வலதுபக்கம் பிடிக்கிறது, இடதுபக்கம் வழுக்குகிறது. பின் அப்சார்பர் இரண்டும் செத்துவிட்டன. லீஃப் ஸ்பிரிங் புஷ்களில் ரப்பர் இருந்த இடத்தில் துருத்தூள்தான் இருந்தது. இப்படி ஒரு காடி ஈரத்தில் வாலை இழுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஒரு டயர் தரையைப் பிடிக்கும் பலம் ஓர் அளவுதான். இழுக்க, வளைய, நிறுத்த என்று மூன்று வேலைக்கும் அந்த ஒரே பலத்தைத்தான் பங்கு போட வேண்டும். ஆல்-வீல் என்பது இழுக்கும் வேலையை நான்கு டயருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. ஈர ரோட்டில் வளைவை விட்டு வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும், மறுக்கவில்லை. ஆனால் பிரேக் மிதிக்கும்போது எல்லாக் காடிக்கும் நான்கு சக்கரம்தான். அந்த நேரத்தில் ஆல்-வீல் ஒரு மீட்டர்கூடக் குறைத்துத் தராது. இன்னும் சொல்லப் போனால், கிளம்பும்போது வழுக்காததால் ரோடு எவ்வளவு வழுக்குகிறது என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாமல் போகும். பல நாள் வெயிலுக்குப் பிறகு வருகிற முதல் மழையில், ரோட்டில் படிந்த எண்ணெய் மேலே மிதக்கும் அந்தப் பத்து நிமிடம் ரொம்ப ஆபத்தானது. கோலாலம்பூரில் ஓட்டுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் வேலை. 120ஒய் காடியில் 1171 சிசி ஏ12 எஞ்சின் நெட்டுவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பின்னால் கியர்பாக்ஸ், பிறகு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், கடைசியில் லீஃப் ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரே துண்டு ஆக்ஸில். சக்தி பின்சக்கரங்களுக்கு மட்டும்தான் போகும், அதாவது பின்வீல் காடி. முன்சக்கரங்களைச் சுழற்ற வேண்டும் என்றால் முதலில் அவற்றுக்கு ஷாஃப்ட் போக, சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதியான ஹப்பில் ஓட்டை வேண்டும். இந்த ஹப்பில் அது கிடையாது. சுபாரு எஞ்சின் படுத்த வாக்கில் அகலமாக இருக்கும். அதை உட்கார வைக்க முன்பக்கச் சட்டத்தை வெட்டணும், நடுச் சுரங்கத்தை அகலப்படுத்தணும், பின் தரையையும் வெட்டணும். எல்லாம் முடிந்த பிறகு தாத்தாவின் காடியில் மிஞ்சுவது கதவும் கூரையும்தான்.

அதை ரோட்டில் ஓட்ட, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும், வாகனச் சோதனை வேண்டும். காடியின் பதிவுப் பத்திரமான கிராண்டில் இருக்கும் எஞ்சின் நம்பரும் காடியில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். "அதெல்லாம் யாரு பார்க்கிறா" என்று சொல்லும் போமேன்கள் (மெக்கானிக்குகள்) இருக்கிறார்கள். விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் பார்ப்பார். தயவுசெய்து இதில் மட்டும் யார் பேச்சையும் நம்பாதீர்கள்.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 1980இல் ஜெனீவாவில் ஆடி குவாட்ரோ வந்த பிறகு ராலி உலகமே ஆல்-வீலுக்கு மாறிப்போனது. நம் ஈப்போக்காரர் கரம்ஜித் சிங் 2002இல் புரோட்டோன் பெர்ட் ஓட்டி உலக புரொடக்‌ஷன் ராலி பட்டத்தை வென்றபோது நானும் கத்தி மகிழ்ந்தவன்தான். அதே காலத்தில் பையன்கள் புரோட்டோன் வீராவை, மிட்சுபிஷியின் ஆல்-வீல் காடியான ஈவோ 3 ஆக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அது நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. வீராவே மிட்சுபிஷி லான்சரின் உடம்பு. ஈவோ 3உம் அதே தலைமுறை லான்சர். அப்படியும் பின் தரையை அறுத்து ஈவோவின் தரையை வெல்டிங் செய்ய வேண்டியிருந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கே இவ்வளவு வேலை என்றால், டட்சுனுக்கும் சுபாருவுக்கும் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, பின் ஆக்ஸிலின் வடிகால் திருகைக் கழற்றினேன். வந்தது எண்ணெய் இல்லை, தே தாரிக் பால்டீ நிறத்தில் ஒரு திரவம். ஆக்ஸிலின் மேலே சின்னதாக ஒரு மூச்சுக்குழாய் இருக்கும். ஓடிச் சூடான ஆக்ஸில் வெள்ளத்தில் முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும், சீல் வழியாகவும் மூச்சுக்குழாய் வழியாகவும் தண்ணீரை உள்ளே இழுக்கும். கோலாலம்பூரின் திடீர் வெள்ளத்தில் ஒரு தடவை இறங்கிய எந்தப் பின்வீல் காடியும் மறுநாளே டிஃப் எண்ணெயைப் பார்க்க வேண்டும். யாரும் பார்ப்பதில்லை.

டிஃப்பைக் கழற்றி, பேரிங் மாற்றி, அதன் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் பற்களில் மஞ்சள் பசை தடவிக் கையால் சுற்றிக் காட்டினேன். அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனின் பல் எங்கே உரசுகிறதோ அங்கே பசை விலகித் தடம் தெரியும். முதல் தடவை தடம் பல்லின் வெளி ஓரத்தில் விழுந்தது. ஷிம் என்ற மெல்லிய தகட்டை மாற்றினோம், உள்ளே தள்ளிப் போனது. நான்காவது தடவைதான் பல்லின் நடுவில் நீள்வட்டமாக, சோளப்பொரி அளவுக்கு உட்கார்ந்தது. இரண்டு பல்லுக்கும் இடையே விடுகிற இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் இருக்கும். இந்த வேலைக்கு ஒரு நாள் முழுக்கப் போகும். இதைச் செய்யாமல் புது எண்ணெய் ஊற்றி அனுப்பினால் 80 கிலோமீட்டர் வேகத்தில் டிஃப் ஊளையிடும். எண்ணெயிலும் கவனம் வேண்டும். டிஃப்புக்கு ஜிஎல்-5 தரக் கியர் எண்ணெய். அதையே பழைய கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள். அதில் இருக்கும் கந்தகச் சேர்மானம் கியர் சுலபமாக விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களைக் காலப்போக்கில் தின்றுவிடும். அங்கே ஜிஎல்-4.

ஆல்-வீலாகவே பிறந்த காடிக்கு நான் நேர்மாறாகச் சொல்வேன். மிட்சுபிஷி கலான்ட் விஆர்-4, டொயோட்டா செலிக்கா ஜிடி-ஃபோர் மாதிரி காடிகளில் அந்த அமைப்பைத் தொடாதீர்கள், பிரிக்காதீர்கள். சில வருடம் முன் ஒரு ஆசிரியரின் விஆர்-4 தாப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுபோனது. இழுவை வண்டிக்காரர் முன்சக்கரங்களைத் தூக்கிக் கட்டிவிட்டு, பின்சக்கரங்கள் ரோட்டில் உருள, கோலாலம்பூர் வரை இழுத்து வந்துவிட்டார். முன்பக்கம் அசையாமல் கட்டியிருக்க, பின்பக்கம் வழியெல்லாம் சுழன்றால் நடுவில் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங்தான் அடி வாங்கும். உள்ளே இருக்கும் சிலிக்கோன் திரவம் வெந்து, கப்ளிங் இறுகிவிட்டது. பட்டறை வாசலில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால், ஹேண்ட் பிரேக் போட்ட மாதிரி காடி முக்கி முக்கி நின்றது. டயர்கள் சிமெண்ட் தரையில் கீச்சிட்டன.

"ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிட்டு முன்வீலாவே ஓட்டிக்கிறேனே" என்றார் ஆசிரியர். முடியாது. நடுவில் டிஃப் இருக்கும் காடியில் பின்பக்கம் காலியாகிவிட்டால் சக்தி முழுக்க அந்தக் காலிப் பக்கமே ஓடப் பார்க்கும், இறுகிய கப்ளிங் ஒன்றுதான் அதைத் தடுக்கும். கடைசியில் அந்தக் கப்ளிங்கும் கருகிப் போகும். நடு டிஃப்பை வெல்டிங் வைத்துப் பூட்டினால் ஓடும்தான், ஆனால் அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன். வேறு கப்ளிங் கிடைக்க ஐந்து மாதம் காத்திருந்தோம். இப்போது அவர் காடியின் முன்கண்ணாடியில், நான்கு சக்கரமும் தட்டு லோரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று மலாயில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது.

டயர் விஷயத்திலும் ஆல்-வீல் செலவு வைக்கும். ஒரு டயர் வெடித்தால் ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. தேய்ந்த டயரும் புது டயரும் சுற்றளவில் வேறுபடும். அந்த வேறுபாட்டை ஒவ்வொரு சுற்றிலும் கப்ளிங் தாங்க வேண்டியிருக்கும். சந்தேகம் இருந்தால் டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, தரையில் ஒரு சுற்று உருட்டி, டேப் வைத்து அளந்து பாருங்கள்.

இன்னும் காடியே வாங்காதவர்கள் கேட்டால், தினமும் ஓட்டப் போகிறவருக்கு நான் பின்வீல்தான் சொல்வேன். கேஇ70 கொரோலா, வோல்வோ 240, டபிள்யூ123 மெர்சிடிஸ். சாமான் கிடைக்கும், எந்த ஊரிலும் ஒரு போமேனுக்குத் தெரிந்திருக்கும். ராலிக் காடியின் மேல் உண்மையான காதல் இருந்து, ஐந்து மாதம் காத்திருக்கப் பொறுமையும் இருந்தால் விஆர்-4 வாங்குங்கள்.

தம்பி ஹாஃப்-கட்டை விட்டுவிட்டார். அந்தப் பணத்தில் நான்கு டயர், அப்சார்பர், புஷ், பிரேக் சிலிண்டர்கள் எல்லாம் முடிந்தன. போன வாரம் மாலை மழையில் அதே ஜாலான் கூச்சிங் வளைவுக்குப் போனோம். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில். மூன்றாவது கியரில் திருப்பினார். வால் நேராக வந்தது. அவர் பேசவில்லை, ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கை மட்டும் கொஞ்சம் தளர்ந்தது. பட்டறைக்குத் திரும்பியபோது என் கால்மாட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. அடுத்து கதவு ரப்பர் தேட வேண்டும்.