வைக்கோலுக்குள் மூச்சுவிடும் மாங்காய்

ஏற்காட்டு மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஆரஞ்சு விளைகிறது. அதே மலையின் அடிவாரத்தில், வரகம்பாடி, குப்பனூர் பக்கம் மாந்தோப்புகள். இரண்டும் ஒரே மலைக்காற்றில் வளர்பவைதான். ஆனால் பறித்த பிறகு இரண்டின் போக்கும் வேறு. ஆரஞ்சைப் புளிப்போடு பறித்துவிட்டால், எத்தனை நாள் வைத்திருந்தாலும் அதில் இனிப்பு ஏறாது. திராட்சையும் அப்படித்தான், செர்ரியும் அப்படித்தான். அதனால்தான் குளிர்நாடுகளில் பரம்பரையாகச் செர்ரித் தோட்டம் நடத்தும் குடும்பங்கள் பழம் மரத்திலேயே முழுதாகச் சிவக்கும்வரை காத்திருந்து பறிக்கிறார்கள். பறித்த கையோடு குளிரவைத்துப் பெட்டி கட்டுகிறார்கள்.

சேலத்துத் தோப்புக்காரர்களின் தொழில் இதற்கு நேர்மாறு. இங்கே மாங்காய் பச்சையாகவே தோப்பை விட்டுக் கிளம்புகிறது. பழமாவது கொட்டகையில், வைக்கோலுக்கு அடியில், அல்லது மண்டியின் அறையில். வாழை, சப்போட்டா, பப்பாளி, பலா எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவை. முற்றிய காய் மரத்தை விட்டு இறங்கிய சில நாட்களில் அதன் மூச்சு திடீரென்று வேகமெடுக்கும். ஆக்சிஜனை அதிகமாக இழுக்கும், வெப்பத்தை வெளியே விடும். பழுத்தல் என்பது அந்த வேகத்தில் நடக்கும் வேலை.

அப்போது உள்ளே என்ன நடக்கிறது? முற்றிய காயை வெட்டி ஒரு துளி அயோடின் விட்டால் அந்த இடம் கருநீலமாகும். அது மாவுச்சத்தின் அடையாளம். நன்றாகப் பழுத்த பழத்தில் விட்டால் அந்த நீலம் வராது. மாவுச்சத்து முழுவதும் நொதிகளால் உடைந்து சர்க்கரையாகியிருக்கும். கூடவே சிட்ரிக் அமிலம் குறைகிறது. செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைந்து சதை இளகுகிறது. தோலின் பச்சையம் சிதைய, சதையில் கரோட்டின் பெருகி மஞ்சள் ஏறுகிறது. மணமும் இதே நாட்களில்தான் உண்டாகிறது.

இத்தனையையும் தொடங்கிவைப்பது எத்திலீன் என்ற வாயு. இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன், அவ்வளவுதான். 1901இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யூபொவ், விளக்கெரிக்கும் வாயு கசிந்த அறையில் பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதைப் பார்த்து, அதற்குக் காரணம் எத்திலீன் என்று கண்டுபிடித்தார். பழம் இந்த வாயுவைத் தானே உண்டாக்குகிறது என்பதை 1934இல் ரிச்சர்ட் கேன் ஆப்பிளை வைத்து நிரூபித்தார். இதில் முக்கியமான விஷயம், எத்திலீன் பட்ட காய் தானும் எத்திலீன் விடத் தொடங்கும் என்பது. ஒரு காய் பழுத்தால் பக்கத்துக் காயும் பழுக்கும், அப்புறம் அடுக்கே பழுக்கும்.

வைக்கோலின் பெருமை இங்கேதான் புரிகிறது. காய் விடும் வாயுவை அது அருகிலேயே தேக்கி வைக்கிறது. சூட்டையும் சீராக வைக்கிறது. அதே நேரம் காற்று நுழைய இடம் விடுகிறது. இந்தக் கடைசிக் குணம் இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வீண். காற்றுப் புகாமல் மூடினால் காய் விடும் கரியமில வாயு சேர்ந்து, எத்திலீனின் வேலையையே தடுத்துவிடும். காயை அடைத்துப் புகை விடும் மூட்டமும் அறிவியல்தான். அரைகுறையாக எரியும் புகையில் எத்திலீன் இருக்கிறது. கலிபோர்னியாவில் எலுமிச்சை வியாபாரிகள் மண்ணெண்ணெய் அடுப்பு வைத்த அறையில் காயை மஞ்சளாக்கிவந்தார்கள். சூடுதான் காரணம் என்று நினைத்திருந்தார்கள். புகையிலிருந்த எத்திலீன்தான் காரணம் என்று 1924இல் ஃபிராங்க் டென்னி காட்டினார். நம் ஊரில் மூட்டம் போட்டவர்களுக்கு வாயுவின் பெயர் தெரியாது. ஆனால் புகையை எவ்வளவு, எத்தனை நேரம் போடுவது என்று தெரிந்திருந்தது.

ஆனால் எத்திலீன் இனிப்பைக் கொடுப்பதில்லை. மரம் ஏற்றிவைத்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும்படி காய்க்கு உத்தரவு மட்டும்தான் கொடுக்கிறது. மரம் ஏற்றாததை எந்த அறையாலும் ஏற்ற முடியாது. அதனால் இந்தத் தொழிலில் மிகப் பெரிய முடிவு, எந்தக் காயை எந்த நாளில் பறிப்பது என்பதுதான்.

அதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது தலைமுறையாக வரும் பயிற்சி. முற்றாத காயில் காம்பு மேட்டில் நிற்கும், தோள் சரிந்திருக்கும். முற்ற முற்ற இரண்டு பக்கமும் தோள் உயர்ந்து, காம்பு குழிக்குள் போனது போலத் தெரியும். தோலில் சாம்பல் பூத்து, புள்ளிகள் தெளிவாகும். சந்தேகமாக இருந்தால் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். முற்றிய காயில் சத்து ஏறி அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றுக் கூடியிருக்கும், அதனால் மூழ்கும். மிதப்பதை வைத்தால் பழுக்காது, வெம்பும்.

மாமரம் ஒரே நாளில் பூப்பதில்லை. பனிக்காலக் குளிரில் அலை அலையாகப் பூக்கிறது. எனவே ஒரே மரத்தில் வயது வேறுபட்ட காய்கள் தொங்கும். பல தடவையாகப் பார்த்துப் பார்த்துப் பறிப்பதுதான் முறை. ஆனால் சித்திரைத் தொடக்கத்தில் வரத்து குறைவு, விலை அதிகம். குத்தகைக்கு எடுத்தவர் ஒரே தடவையில் மரத்தை மொட்டையடித்துவிட்டால் பாதிக் காய் வெம்பலாகத்தான் போகும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதற்கு வழிவிடுவது இந்த அவசரம்தான் என்று நினைக்கிறேன்.

கால்சியம் கார்பைடில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும். அது எத்திலீனைப் போல நடிக்கும், ஆனால் பல மடங்கு அளவு தேவை. முற்றாத காயின் தோலை அது மஞ்சளாக்கிவிடும். உள்ளே சர்க்கரையாவதற்கு மாவுச்சத்தே போதாது. தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கும் என்பதால் பழத்துக்கு அதைப் பயன்படுத்த இந்தியாவில் தடை உள்ளது. அறைக்குள் எத்திலீன் வாயுவைச் செலுத்த அனுமதி உண்டு, காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை. நல்ல அறைகளில் வெப்பம் 20 முதல் 25 டிகிரிக்குள் இருக்கும். 30 டிகிரியைத் தாண்டினால் சதை இளகும், தோலில் நிறம் திட்டுத் திட்டாக நிற்கும். சேலத்துக் கோடையில் தகரக் கொட்டகையில் அடுக்கிய காய்க்கு இதுதான் ஆபத்து.

பறிக்கும்போது காம்பையும் கவனிக்க வேண்டும். அடியோடு ஒடித்தால் பால் பீய்ச்சியடிக்கும். முதலில் வரும் எண்ணெய்ப் பசையுள்ள பால் தோலில் பட்ட இடமெல்லாம், அதிலுள்ள டெர்பீன்கள் என்ற எண்ணெய்ப் பொருட்கள் செல்களைச் சிதைத்து, கருத்த கோடாகிவிடும். மாமரம் முந்திரிக் குடும்பம், அதனால் கைக்கும் அரிப்பு. வலை கட்டிய தொரட்டியால் ஓரிரு அங்குலக் காம்போடு இறக்கி, நிழலில் வைத்துக் காம்பை நறுக்கி, காயைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பால் தோலில் படாமல் வடிந்துவிடும். சில நிமிட வேலைதான். இதைச் செய்த கூடைக்கும் செய்யாத கூடைக்கும் மண்டியில் விலை வேறு.

வேறு வகைக் கறுப்பும் உண்டு. பழுத்த பிறகு புள்ளி புள்ளியாக வந்து பரவுவது ஒரு பூஞ்சை. அது தோப்பிலேயே காயில் ஒட்டிக்கொண்டு, பழுக்கும்வரை உறங்கிக் கிடக்கும். பறித்த காயை 52 டிகிரி வெந்நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் முக்கி எடுத்தால் பெருமளவு அடங்கிவிடும். வெப்பமானியில்லாமல் குத்துமதிப்பாகச் செய்தால் காயே வெந்துபோகும்.

வீட்டுக்கு வாங்கி வருபவர்கள் காயாக இருக்கும்போது குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். 12 டிகிரிக்குக் கீழே மாங்காய் குளிரால் கெட்டுப்போகும். தோலில் குழி விழும், வெளியே எடுத்தாலும் சரியாகப் பழுக்காது. அரிசிப் பானையிலோ வைக்கோலிலோ, சீக்கிரம் வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு வையுங்கள். தினம் ஒருமுறை காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள். மணம் வந்து, விரலுக்கு லேசாக இளகியதும் குளிரில் வைக்கலாம், இரண்டு மூன்று நாள் தாங்கும்.