ஈத்தூண்டில் வீச்சு: பின்னால் காத்திருக்கும் அந்த நொடி

மலையகத்து ஓடைகளுக்கு ட்ரவுட் மீன் வந்தேறி. 1880களில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டார்கள். குளிர்ந்து ஓடும் தண்ணீர் கிடைத்ததால் நுவரெலியாப் பக்கமும் ஹோட்டன் சமவெளியின் பெலிஹுல் ஓயாவிலும் தங்கிவிட்டது. தண்ணீரில் விழும் பூச்சிகளைத் தின்னும் இந்த மீனுக்கு, கொக்கியில் இறகு கட்டிச் செய்த ஈயைத்தான் காட்டுகிறோம். அந்த ஈக்கோ எடையே இல்லை. பிறகு எப்படி அது ஓடையின் அக்கரை வரை போகிறது?

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு முன்னே பறந்து தங்கூசியை இழுத்துப் போகும். ஈத்தூண்டிலில் வீசப்படுவது நூல்தான். பிளாஸ்டிக் பூசிய தடித்த நூல் அது. பலரும் வைத்திருக்கும் 5ஆம் இலக்க நூலில் முதல் 30 அடியின் எடை ஏறக்குறைய 9 கிராம். இந்தச் சொற்ப எடை அத்தனை நீளத்துக்கும் பரவியிருக்கிறது. நூல் தொய்ந்து கிடந்தால், கோலை எவ்வளவு வேகமாக அசைத்தாலும் தொய்வை எடுப்பதிலேயே அசைவு தீர்ந்துவிடும். நேராக நீண்டிருந்தால்தான் முழு எடையும் கோலை இழுத்து வளைக்கும். நூலைப் பின்னால் வீசுவது இதற்காகத்தான்.

வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, கோலைச் சட்டென்று நிறுத்த வேண்டும். கோல் நிற்கும், நூல் நிற்காது. நுனியைத் தாண்டி ஓடி ஒரு வளையமாகும். வளையத்தின் கீழ்க்கால் கோலோடு நிற்க, மேல்கால் மட்டும் ஓடுகிறது. வளையம் விரிய விரிய ஓடும் பகுதி குறுகுகிறது. ஆற்றலில் பெரும்பங்கு அந்தக் குறுகிய துண்டுக்கே வந்து சேர்கிறது. காற்று அதில் நிறையத் தின்றாலும், மிச்சம் ஈயைப் புரட்டிப்போடப் போதும்.

பின்வளையம் முழுதாக விரியுமுன் கோலை முன்னால் தள்ளினால் படீரென்று சத்தம் கேட்கும். சாட்டை சொடுக்கும்போது நடப்பதும் இதுவே: நுனி ஒலியின் வேகத்தையே மிஞ்சுகிறது. நூலின் முனையில் ஈயைக் கட்டியிருக்கும் மயிரிழைத் தங்கூசி அறுந்து ஈ தொலையும். பிந்தினாலும் நட்டம்தான். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், அரை நொடியில் எந்தப் பொருளும் 1.2 மீற்றர் விழும். நூல் அதைவிட மெதுவாகத்தான் இறங்கும். ஆனாலும் பின்னாலுள்ள தேயிலைச் செடியில் கொக்கி மாட்ட அதுவே தாராளம்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? நூல் நீள நீள, வளையம் விரிய நேரமும் கூடும். ஆகவே ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பயனில்லை. தலையைத் திருப்பி நூலைப் பாருங்கள். அதன் கடைசி முழம் நிமிர்கிற கணத்தில் முன்வீச்சைத் தொடங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, கைதேர்ந்தவர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

கோல் நுனி போகும் பாதை நேராக இருந்தால் வளையம் ஒடுங்கும். வில்லாக வளைந்தால் அகலும். தென்மேல் பருவக்காற்று மலையில் அடிக்கும் மாதங்களில் ஒடுங்கிய வளையமே காற்றைக் கிழித்துப் போகும்.

முதுகுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு எழும்பி நின்றால் பின்வீச்சுக்கே இடமில்லை. அங்கே நூலைத் தண்ணீர்மேல் மெதுவாக இழுத்து, தோளுக்குப் பின் அரைவட்டமாகத் தொங்கவிட்டு முன்னே வீசலாம். நூலின் நுனியைத் தண்ணீர் பற்றிக்கொள்வதால் கோல் வளையும். தூரம் குறையும், ஆனால் சிற்றோடைக்கு அது தாராளம்.

பழகுவதற்கு ஓடை தேவையில்லை. கொக்கிக்குப் பதில் கம்பளி நூல் துண்டொன்றைக் கட்டிக்கொண்டு தோட்டத்து மைதானத்தில் வீசிப் பாருங்கள்.