அந்தத் தூண் மண்ணில் விளைந்ததில்லை

போன மாதம் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊரிலிருந்து அழைத்தார்கள். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், நாலு தூண் அடியில் இற்றுப்போய்விட்டது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். மறுநாளே போனேன். அதற்குள் மூன்று தூண்களைக் கழற்றி ஸா மில்லுக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். மேலே உத்தரம் இரும்புக் குழாய் முட்டில் நின்றுகொண்டிருந்தது. மில்லுக்கு ஓடினேன். இரண்டு தூண்கள் பலகையாகி அடுக்கிக் கிடந்தன. மூன்றாவது பாதி அறுபட்டிருந்தது. மூன்றிலும் கெட்டுப்போயிருந்தது அடியில் இரண்டு அடிதான். அதற்கு மேலே இருந்த எட்டடி மரத்தில் ஒரு பழுது இல்லை. அந்த வீட்டு வாசல் நிலையில் 1912 என்று செதுக்கியிருக்கிறது.

இந்த வருஷத்தில் எனக்கு இது ஐந்தாவது வீடு. ஐந்து வீட்டிலும் ஒரே பேச்சைத்தான் கேட்டேன். "மண்ணுல விளைஞ்சது சார், மண்ணுக்குத்தானே போகும். புதுத் தேக்கு வாங்கிப் போட்டுக்கலாம்."

இருபத்திரண்டு வருஷமாகப் பழைய வீடுகளைச் செப்பனிடும் வேலையில் இருக்கிறேன். கரையானால் போன மரத்தைவிட இந்தப் பேச்சால் போன மரத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு தூண் எங்கிருந்து வந்தது என்பதை ஆதியிலிருந்தே சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால், தூணை எது கெடுக்கிறது என்பதும் தானாகப் புரியும்.

தேக்கு மண்ணில் நின்றது, உண்மை. ஆனால் மண்ணைத் தின்று வளரவில்லை. இதைச் சொன்னால் படித்தவர்கள்கூட என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். "அப்போ உரம் எதுக்கு சார்?" என்கிறார்கள். சரி, 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்பவர் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு தொட்டியில் 200 பவுண்டு காய்ந்த மண்ணை நிறுத்துப் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ கன்றை நட்டார். ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். பிறகு பிடுங்கி நிறுத்தார். மரம் 169 பவுண்டு இருந்தது. மண்ணைத் திரும்பக் காயவைத்து நிறுத்துப் பார்த்தால், குறைந்தது ஏறக்குறைய இரண்டு அவுன்ஸ்தான். எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார், அது பாதிதான் சரி. மீதி காற்றிலிருந்து வந்தது என்பது பின்னால் வந்தவர்களுக்குத் தெரிந்தது. ஆனால் மண் இல்லை என்பது 1648-லேயே அச்சாகிவிட்டது. நாம் இன்னும் மண் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்த வீட்டுத் தூணையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்பது அங்குல விட்டம், பத்தடி உயரம். ஆசாரிக் கணக்கில் நாலரை கன அடி, எடை எண்பது கிலோ சுமார். அதில் பாதி கார்பன். அந்தக் கார்பன் முழுவதையும் இலைகள் காற்றிலிருந்து எடுத்தன. காற்றில் கரியமில வாயு எவ்வளவு சொற்பம் தெரியுமா? அந்த மரம் வளர்ந்த காலத்தில் பத்து லட்சம் பங்கில் 280 பங்குதான். கணக்குப் போட்டால் அந்த ஒரு தூணுக்கு வேண்டிய கார்பன் ஏறக்குறைய ஒரு கோடி கன அடி காற்றில் இருந்திருக்கிறது. நாலரை கன அடி மரத்துக்கு ஒரு கோடி கன அடி காற்று! தூணை எரித்தால் மிஞ்சும் சாம்பல்தான் மண் கொடுத்த பங்கு. அது ஒரு கிலோ சுற்றித்தான் வரும். அந்தச் சாம்பலில் கொஞ்சம் சிலிக்கா இருக்கும். தேக்கை இழைக்கும்போது உளி சீக்கிரம் மழுங்குகிறதே, அதற்குக் காரணம் அதுதான்.

கார்பனும் ஆக்ஸிஜனும் காற்றிலிருந்து வந்தன என்றால், ஹைட்ரஜன் வேர் உறிஞ்சிய மழைத் தண்ணீரிலிருந்து வந்தது. எடையில் அது ஆறு சதவீதம்தான். ஆனால் அணுக்களை எண்ணினால் தூணில் கிட்டத்தட்ட பாதி ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜன் பிரபஞ்சம் பிறந்தபோதே பிறந்தது, 1,380 கோடி வருஷத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு புதிதாக யாரும் செய்து தரவில்லை. அந்த வீட்டு ஆச்சி சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிற தூணில் இருப்பது அதே ஹைட்ரஜன்.

கார்பன் அப்போது கிடையாது. அது நட்சத்திரங்களின் வயிற்றில் பிறந்தது. மூன்று ஹீலியம் சேர்ந்தால் ஒரு கார்பன். அதற்குப் பத்துக் கோடி டிகிரி வெப்பம் வேண்டும். வயதான நட்சத்திரங்கள் அதை ஊதி வெளியே தள்ளின. ஆக்ஸிஜனையும் உளியை மழுங்கச் செய்கிற சிலிக்கானையும் பெரும்பாலும் பெரிய நட்சத்திரங்கள் சமைத்து, வெடித்துச் சிதறும்போது வீசிவிட்டுப் போயின. இதைக் கணக்கிட்டுக் காட்டியவர்களில் ஒருவர் வில்லியம் ஃபவ்லர். 1983-ல் அவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். நட்சத்திரங்கள் எப்படி முதிர்கின்றன, எப்படி முடிகின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. சுமார் 460 கோடி வருஷத்துக்கு முன்னால் அப்படிச் சிதறிய தூசியும் வாயுவும் கூடித்தான் சூரியனும் பூமியும் உண்டாயின.

காற்றைப் பிடித்து மரமாக்கும் வித்தை மரத்தின் சொந்த வித்தையும் இல்லை. ஊருணியில் மிதக்கிறதே நீலப்பச்சைப் பாசி, அந்தக் கூட்டத்து நுண்ணுயிர்தான் முதலில் சூரிய ஒளியில் தண்ணீரைப் பிளந்து ஆக்ஸிஜனை வெளியே விட்டது. அதன் வாரிசு ஒன்று வேறொரு செல்லுக்குள் குடிபுகுந்துதான் இலையில் பச்சையத்தைத் தாங்கும் பசுங்கணிகம் வந்தது. தேக்கிலையைக் கிள்ளினாலும் உள்ளே இருப்பது அந்தப் பழைய பாசியின் சந்ததிதான். தாவரங்கள் கரையேறி, லிக்னின் என்ற பிசினால் தண்டைக் கெட்டியாக்கிக்கொண்டபோது மரம் என்ற ஒன்று வந்தது. அதற்கு 40 கோடி வருஷம் இருக்கும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற கல்மரத்தைப் பார்த்திருப்பீர்கள். 12 கோடி வருஷத்துக்கு முந்தியது என்கிறார்கள். அது வாழ்ந்தபோது தேக்கு இல்லை. தேக்கு பின்னால் வந்தது, துளசியும் புதினாவும் சேர்ந்த குடும்பத்தில்.

இனி நம் தூண். மில்லில் அறுபட்டுக் கிடந்த துண்டின் முனையை இழைத்துவிட்டு வளையங்களை எண்ணினேன். மழையும் வறட்சியும் மாறி மாறி வரும் காட்டில் தேக்கு வருஷத்துக்கு ஒரு வளையம் போடும், வெப்ப நாட்டு மரங்களில் இப்படித் தெளிவாகப் போடுபவை குறைவு. 97 வரை எண்ணினேன். வெளியே இருந்த வெள்ளை மரத்தை அன்றைய ஆசாரி செதுக்கித் தள்ளியிருப்பார். அதையும் சேர்த்தால் இன்னும் கூடும். அப்படியென்றால் 1800-ஐ ஒட்டி பர்மாக் காட்டில் முளைத்த கன்று. பர்மாவை ஆங்கிலேயர் தொடுவதற்கு முன், கொன்பாங் அரசர்கள் ஆண்ட காலம். நிலக்கரிப் புகை உலகை மூடாத அந்தக் காலத்துக் காற்றுதான் தூணாகியிருக்கிறது. நின்ற மரத்தின் அடிப்பட்டையைச் சுற்றிலும் வெட்டிவிட்டு, இரண்டு மூன்று வருஷம் நின்றபடியே காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது என்பதால். பிறகு யானை இழுத்து ஓடையில் தள்ளும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்ததும் ஆற்றில் இறங்கி, தெப்பமாகக் கட்டி ரங்கூன் வரும். அங்கிருந்து கப்பல், கப்பலிலிருந்து மாட்டு வண்டி. 2014-ல் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. "புதுத் தேக்கு" என்று உங்களுக்கு விற்பது பெரும்பாலும் இருபது இருபத்தைந்து வருஷத்தில் வெட்டிய தோட்டத் தேக்கு. வளையம் அகலம், வெள்ளை மரம் அதிகம், உள்ளே முற்றிய வைரம் குறைவு. கரையானை அண்டவிடாத பொருள் வைரத்தில்தான் இருக்கிறது. வெள்ளை மரத்தில் அது இல்லை, கரையான் அதைச் சாவதானமாகத் தின்னும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "கார்பன் டேட்டிங் பண்ணி வீட்டுக்கு வயசு எழுதித் தாங்க" என்று கேட்காதீர்கள். 17ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து 1950 வரை வளர்ந்த மரத்துக்கு அது தெளிவான விடை தராது. தந்தாலும், அந்த வளையம் வளர்ந்த வருஷத்தைத்தான் சொல்லும், நீங்கள் வீடு கட்டிய வருஷத்தைச் சொல்லாது. நிலைப்படியில் வெட்டியிருக்கும் வருஷத்தையும் பழைய கணக்குப் புத்தகத்தையும் பாருங்கள், போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காற்றும் தண்ணீரும் வெயிலும் சேர்ந்து மரமானது. அழுகல் என்பது அதன் திரும்பு பாதை. பூஞ்சை மரத்தைத் தின்று, அதே கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் காற்றுக்குத் திருப்பிவிடுகிறது. மண்ணுக்குப் போவது அந்த ஒரு கிலோ சாம்பல் கணக்குத்தான். இந்தப் பூஞ்சை வேலை செய்ய அதற்கு முக்கியமாக வேண்டியது ஈரம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதனால் எதுவும் செய்ய முடியாது. செட்டிநாட்டு வெயிலில், ஒழுகாத கூரைக்குக் கீழே நிற்கிற தேக்கில் பெரும்பாலும் 10, 12-தான் இருக்கும். அந்த வீட்டில் மிஞ்சியிருந்த நாலாவது தூணில் மீட்டர் வைத்தேன். நெஞ்சு உயரத்தில் 11. அடியில் 34.

ஏன் 34? மூன்று வருஷத்துக்கு முன் பழைய தரைக்கு மேலேயே கிரானைட் போட்டிருக்கிறார்கள். தரை மூன்று அங்குலம் உயர்ந்துவிட்டது. மரம் தரையைத் தொடக் கூடாது என்றுதான் பழைய ஆசாரி தூணுக்குக் கீழே கல் வைத்தார். அந்தக் கல் இப்போது தரைக்குள் புதைந்துவிட்டது. தூணைச் சுற்றிச் சிமெண்ட் பூசி அடைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் இரண்டு கை எனாமல் பெயின்ட். தினமும் குழாய் போட்டு வளவைக் கழுவுகிறார்கள். அடியில் போகிற தண்ணீர் வெளியே வர வழியே இல்லை. நூறு வருஷம் மழையில் நனையாத மரம், மூன்று வருஷத்தில் கையால் அள்ளுகிற மாதிரி ஆகிவிட்டது. செய்தவர்கள் வீட்டின் மேல் அக்கறை இல்லாதவர்கள் இல்லை. சிங்கப்பூரில் சம்பாதித்து ஆசையாகச் செலவு செய்தவர்கள். அதனால்தான் இவ்வளவு வயிற்றெரிச்சல்.

தரையை உயர்த்தாதீர்கள். கிரானைட் வேண்டும் என்றால் பழைய தரையை எடுத்துவிட்டு அதே மட்டத்துக்குப் போடுங்கள், தூணின் கல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தூண் அடியிலும், உத்தரம் சுவருக்குள் போகும் இடத்திலும் சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்புதான். எனாமல் வேண்டவே வேண்டாம். கிரைண்டர், ஆசிட், காஸ்டிக் சோடா எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். ஒரு தடவை கிரைண்டர் ஓடினால் ஆசாரி செதுக்கின கொடியும் கிளியும் போய்விடும், திரும்ப வராது. பழைய மெழுகும் அழுக்கும் இருந்தால் மெல்லிய துணியும் பொறுமையும் போதும்.

"மரம் காய்ஞ்சு போச்சு, எண்ணெய் ஊட்டணும்" என்று வேஸ்ட் ஆயில் வாங்கிப் பூசுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தூணில் இருக்கிற வைரம், மரம் காட்டில் நின்றபோதே உயிர் போன பகுதி. அதற்குப் பசி கிடையாது. காய்ந்திருப்பதுதான் அதன் ஆரோக்கியம். வேஸ்ட் ஆயில் தூசியைப் பிடிக்கும், நெருப்பையும் பிடிக்கும். கரையானுக்கு டீசல் ஊற்றுகிறவர்களுக்கும் இதே பதில். கரையான் மண்புற்று சுவரில் ஏறியிருந்தால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடுங்கள், மருந்து அப்புறம்.

கூரையை வருஷத்துக்கு இரண்டு தடவை பார்க்க ஆள் வையுங்கள், ஐப்பசிக்கு முன் ஒரு தடவை, தையில் ஒரு தடவை. நகர்ந்த ஓடு ஒன்று, மழைத் தண்ணீர் இறங்குகிற தகர வாய் அடைத்தது ஒன்று, அவ்வளவுதான் பாதி வீடுகளின் கதை. பூட்டிக் கிடக்கும் வீடென்றால் பங்காளிகள் நாலு பேரும் சேர்ந்து இந்த ஒரு செலவையாவது போடுங்கள். வழக்கு நடந்தாலும் ஓடு மாற்றலாம், அதற்கு யாரும் தடை கேட்கப்போவதில்லை.

தூண் இற்றால் இற்ற இடத்தை மட்டும் எடுங்கள். முட்டுக் கொடுத்து, கெட்ட அடியைச் சாய்வாக அறுத்து, அதே வயதுத் தேக்கில் புது அடி செய்து, இரண்டு முனையையும் கவ்வவைத்து மர ஆணி அடித்தால் பாரம் தாங்கும். தெரிந்த ஆசாரிகள் இன்னும் இருக்கிறார்கள். ஸா மில்லுக்கு வண்டி பேசுவதற்கு முன் அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். ஒரு நாள் பொறுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

அந்த வீட்டில் கிரானைட்டை உடைத்து எடுக்கும் வேலை இந்த வாரம் தொடங்கிவிட்டது. நாலாவது தூணைக் கழற்றவில்லை. "இதையாவது விட்டு வைங்க தம்பி, இங்கதான் நான் உக்காருவேன்" என்று ஆச்சி சொல்லிவிட்டார். மில்லில் பாதி அறுபட்ட தூணை வண்டி வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தோம். அதிலிருந்து இரண்டு அடி எடுத்துத்தான் நாலாவது தூணுக்குக் கால் செய்கிறார் ஆசாரி. மழை இறங்குவதற்குள் தரையின் ஈரம் வற்ற வேண்டும். தினமும் காலையில் மீட்டரை வைத்துப் பார்க்கிறேன், இன்று 26.