மனை எண்ணோடு நிறுத்தாதீர்கள், முழு வரைபடத்தையும் பாருங்கள்

மனைப்பிரிவுகளுக்கு வரைபடம் போடுவதும், வாங்கப் போகிறவர்களுக்காக அதைச் சரிபார்த்துச் சொல்வதும் என் தொழில். சென்னையைச் சுற்றி மனை தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விதான் கேட்பார்கள்: "அப்ரூவல் இருக்கா சார்? பட்டா தனியா கிடைக்குமா?" இரண்டும் அவசியம்தான். ஆனால் தங்கள் மனை எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டதும் வரைபடத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். மீதிப் படத்தில்தான் விஷயமே இருக்கிறது.

சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. அரக்கோணம் பக்கம் வரை போய்விட்டது. அண்ணா நகரையும் கே.கே. நகரையும் வீட்டு வசதி வாரியம் உருவாக்கியபோது சாலை, பூங்கா, பள்ளிக்கான இடம் எல்லாம் ஒரே கையால் வரையப்பட்டன. இப்போது புறநகர் வளர்வது ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் துண்டுகளாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளி, ஒரு வரைபடம், ஒரு அங்கீகார எண். இந்தத் துண்டின் மழைநீர் அடுத்த துண்டில் எந்த வழியாகப் போகும் என்று யாரிடம் கேட்பது?

அதனால் நான் முதலில் எடுப்பது கிராமப் புலப்படத்தை, அதாவது கிராமத்தின் சர்வே எண்களைக் காட்டும் வருவாய்த் துறை வரைபடத்தை. அதன்மேல் மனைப்பிரிவு வரைபடத்தை வைத்துப் பார்த்தால், ஓடையோ வாய்க்காலோ எங்கே ஓடியது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கான அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணும் ஒட்டியுள்ள எண்களும் என்ன வகைப்பாட்டில் இருக்கின்றன என்பதையும் பாருங்கள். அடுத்து, நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று. இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. நிலத்தை எந்த மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனை பல மனைப்பிரிவுகளுக்கு அதில்தான் இருக்கும். மண் கொட்டாமல் விற்றிருந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில். 2015இல் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அறுநூறு சதுர அடி மனைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 20க்கு 30 அடி மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 36 அடிதான். பாதாளச் சாக்கடை வராத ஊரில் அதற்குள்ளேயே போர்வெல்லும் செப்டிக் டேங்கும் வரவேண்டும். பக்கத்து வீட்டு டேங்க் உங்கள் போரிலிருந்து எத்தனை அடி தள்ளி வரும்? விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

இனி பூங்கா. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். சாலைகளும் அப்படித்தான். விற்பனைப் பிரசுரத்தில் ஊஞ்சலும் நடைபாதையுமாகப் படம் இருக்கும். நான் பார்ப்பது தானப் பத்திரத்தின் எண்ணை. பழைய மனைப்பிரிவுகளில் பூங்கா என்று காட்டிய இடமே பின்னால் மனையாக விற்கப்பட்டதுண்டு. அதை வாங்கியவர் பெயரில் பத்திரம் இருக்கும், அந்தச் சொத்தின் பத்திரப் பதிவுகளைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றிதழிலும் பெயர் வரும். ஆனாலும் பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் மனையாகிவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்துக்கு விற்பவரின் தயவு தேவையில்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு, மனை, கட்டட விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ரெராவில் பதிவாக வேண்டும். பதிவான வரைபடத்தை அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம். விற்பவர் கையில் கொடுத்த பளபளப்பான தாளை அதோடு வைத்து ஒப்பிடுங்கள். சாலை அகலமும் பூங்கா இருக்கும் மூலையும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கிக் குடியேறியவர்கள், பூங்கா இடத்தின் சர்வே எண்ணுக்கும் ஒரு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். உள்ளாட்சிக்கான தானப் பத்திரம் அதில் வரவில்லை என்றால், அந்த இடத்தில் யாராவது அஸ்திவாரம் தோண்டுவதற்குள் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் உள்ளாட்சிக்கும் அங்கீகாரம் கொடுத்த அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் மனு கொடுத்துவிடுங்கள்.